நமக்கென்று ஒரு பொது இடம்: பணம் எங்கே இருக்கிறது? சாவி யார் கையில் இருக்கும்?



சென்ற மாதம் கடன் திருப்பும் ஒழுங்கைப் பற்றிப் படித்தோம். இந்த மாதப் பாடம் வேறு. குழுக் கூட்டத்தில் இதை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அக்காமார்களுக்கும் புரியும்படி நிறுத்தி நிறுத்தி வாசியுங்கள். கடைசியில் கேள்விகள் இருக்கின்றன. அவற்றைப் பேசிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

நாம் எங்கே உட்காருகிறோம்?

சேலத்திலிருந்து கோரிமேடு, கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி அடிவாரம் வந்தால், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு. சனி, ஞாயிறு ஆனால் கார் வரிசை கட்டி நிற்கிறது. மே மாதம் கோடை விழா வந்துவிட்டால் ரோட்டைக் கடக்கவே முடியாது. மேலே ஏரியில் படகு இருக்கிறது, பூங்கா இருக்கிறது, மலர்க் கண்காட்சி நடக்கிறது. அடிவாரத்திலேயே குரும்பப்பட்டி வன உயிரியல் பூங்கா இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்து இளைப்பாற அரசு பணம் செலவு செய்கிறது. அதைத் தப்பென்று நாம் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தை நம்பித்தான் நம்மில் பலர் சோளம் சுட்டு விற்கிறோம், பழம் விற்கிறோம், லாட்ஜில் துணி துவைக்கிறோம்.

ஆனால் நாம் எங்கே இளைப்பாறுகிறோம்? குழுக் கூட்டம் வேப்ப மரத்தடியில் அல்லது யாராவது ஒருவர் வீட்டு வாசலில். மலையிலிருந்து மழை இறங்கினால் கூட்டம் கலைந்துவிடும். தீர்மானப் புத்தகம் நனைந்துவிடும். நம் பிள்ளைகள் கார் ஓடுகிற ரோட்டோரத்தில் பந்து விளையாடுகிறார்கள். பையன்களாவது ஏதோ ஒரு காலி இடத்துக்குப் போகிறார்கள். பெண் பிள்ளை வயசுக்கு வந்துவிட்டால் அவள் விளையாட்டு அதோடு முடிந்தது. தனியாக இருக்கிற வயசான அம்மாக்களுக்குப் பேச ஆள் கிடையாது.

ஆகவே குழுப் பெண்கள் கேட்பது இதுதான்: நாலு சுவர், ஒரு கூரை, கொஞ்சம் வெளி இடம், ஒரு கழிப்பறை, தண்ணீர். இதைச் சமுதாயக் கூடம் என்றும் சொல்லலாம், பொது மன்றம் என்றும் சொல்லலாம். பேர் எதுவானாலும், பெண்கள் பயமில்லாமல் போய் உட்காரவும், சிரிக்கவும், பிள்ளைகள் விளையாடவும் ஓர் இடம் வேண்டும்.

"சோத்துக்கே கஷ்டம், இதுல விளையாட்டுக்கு இடமா?" என்று சிலர் கேட்பார்கள். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம். 1989-ல் தர்மபுரியில் மகளிர் குழுத் திட்டம் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் நம் சேலம் மாவட்டத்துக்கும் வந்தபோது, "பொம்பளைங்க கூடி உக்காந்து என்ன பண்ணப் போறாங்க?" என்றுதான் ஊர் கேட்டது. கூடி உட்கார்ந்ததால்தான் சேமிப்பு வந்தது, பேங்க் கடன் வந்தது, தைரியம் வந்தது. உட்கார இடம் இருந்தால் இன்னும் என்னென்ன வரும் என்று யோசியுங்கள்.

முதலில், இருக்கிறதைத் தேடுங்கள்

புதுக் கட்டடம் கேட்பதற்கு முன் நம் ஊரில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய காலத்தில் பஞ்சாயத்து ரேடியோ அறை இருந்தது. மாதர் சங்கக் கட்டடம் இருந்தது. அதன்பின் டி.வி. அறை வந்தது. 2006-07 முதல் 2010-11 வரை அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் நடந்தது. அதில் ஊராட்சிகளுக்கு நூலகமும் விளையாட்டு மைதானமும் வந்தன. 2013-14 முதல் பல ஊராட்சிகளில் கிராம சேவை மையக் கட்டடம் கட்டினார்கள். அது ஊராட்சி வேலைக்கும் நம் மாதிரிக் குழுக்களின் கூட்டத்துக்கும் சேர்த்துத்தான் கட்டப்பட்டது. 2024-ல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்தார்கள்.

இவையெல்லாம் நம் ஊரில் இப்போது எங்கே? பூட்டிக் கிடக்கிறதா? சாவி யாரிடம்? விளையாட்டுச் சாமான் வந்ததே, அதில் ஒரு வளையப் பந்தாவது நம் பெண் பிள்ளைகள் கைக்கு வந்ததா?

நாங்கள் பார்த்த ஓர் ஊரைச் சொல்கிறோம், பேர் வேண்டாம். அங்கே பெண்கள் கேட்டு வாங்கிய கூடம். திறப்பு விழா அன்றைக்குக் கோலம் போட்டு, பாயசம் வைத்தார்கள். சாவியை யார் வைத்துக்கொள்வது என்று மட்டும் யாரும் பேசவில்லை. இரண்டு வருஷத்தில் உள்ளே சிமெண்ட் மூட்டை, பந்தல் சாமான், உடைந்த நாற்காலி. வெளித் திண்ணையில் சீட்டாட்டம். கரண்ட் பில் கட்டாமல் பீஸைப் பிடுங்கிவிட்டார்கள். பெண்கள் மறுபடி மரத்தடிக்கே வந்துவிட்டார்கள். "நாங்க கேட்டு வாங்கின கட்டடத்துக்கு நாங்களே போக முடியல" என்று ஓர் அக்கா சொன்னது எங்கள் மனசிலேயே நிற்கிறது.

அதனால் இந்தப் பாடத்தில் நிதிக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறோமோ, அவ்வளவு இடம் சாவிக்கும் கொடுக்கிறோம்.

உங்கள் நிலம் எந்த ஆபீஸுக்குக் கட்டுப்பட்டது?

அடிவாரம் பகுதி ஓர் எல்லைப் பகுதி. ஒரு பக்கம் 1994-ல் மாநகராட்சியான சேலம். பக்கத்திலேயே கன்னங்குறிச்சி பேரூராட்சி. இன்னொரு பக்கம் கிராம ஊராட்சிகள். மலையேறினால் ஏற்காடு ஊராட்சி ஒன்றியம். நடுவில் காப்புக்காடு. ஒரு தெரு தாண்டினால் ஆபீஸே மாறிவிடும். மனுவைத் தப்பான ஆபீஸில் கொடுத்தால் "இது எங்களுக்கு வராதுங்க" என்று ஆறு மாசம் கழித்துச் சொல்வார்கள்.

ஆகவே முதல் வேலை, வி.ஏ.ஓ.விடம் போய் இடத்தின் சர்வே எண்ணைக் கேட்டு வாங்குவது. அது எந்த வகை நிலம் என்றும் கேட்க வேண்டும். ஊராட்சிக்குச் சொந்தமான நிலம், கட்டடம் கட்டத் தகுந்த புறம்போக்கு என்றால் வழி இருக்கிறது. ஏரி, ஓடை, குளம் என்று பதிவாகியிருந்தால் அதைக் கேட்கவே கூடாது. தண்ணி போகிற வழியை அடைத்துவிட்டு நாம் எங்கே போய் உட்காருவது?

காட்டு நிலமாக இருந்தால்? சேர்வராயன் மலைக் கிராமங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2), வனத்தில் வாழும் மக்களுக்காகச் சில பொதுக் கட்டடங்களை அனுமதிக்கிறது. பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, சாலை ஆகியவற்றோடு சமுதாயக் கூடமும் அந்தப் பட்டியலில் உண்டு. நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்குள் இருக்க வேண்டும். ஒரு ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால் கிராமசபை பரிந்துரை செய்ய வேண்டும். இதைத் தெரிந்துவைத்திருந்தால், "காட்டு நிலம், ஒண்ணும் முடியாது" என்று சொல்லும்போது நாம் வாயடைத்து நிற்க வேண்டியதில்லை. மலைமேல் கட்டுவதற்கு மலையிடப் பாதுகாப்புக் குழும விதிகளும் உண்டு. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் எங்கே இருக்கிறது?

முக்கியமாக நாலு கதவு இருக்கிறது.

1. நமக்கு நாமே திட்டம். 1997-98-ல் தொடங்கியது. 2011-க்குப் பின் தன்னிறைவுத் திட்டம் என்று பேர் மாறியது. 2021-ல் மறுபடி பழைய பேரில் வந்தது. மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதிப் பங்கைப் போடும். மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் பகுதியில் ஐந்தில் ஒன்று.

2. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி. தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்.

3. நாடாளுமன்ற உறுப்பினர் நிதி. 1993-ல் தொடங்கியது, இப்போது ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். இதில் 15 சதவீதம் ஆதிதிராவிடர் பகுதிக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிக்கும் பரிந்துரைக்க வேண்டும். கோயில், சர்ச், மசூதி இடத்தில் இந்தப் பணத்தில் வேலை செய்ய முடியாது.

4. ஊராட்சியின் சொந்தத் திட்டம். ஆண்டுதோறும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கிறார்கள். அதில் சேர்க்க நம் குழுக்களிடமே ஒரு பட்டியல் கேட்கிறார்கள். அந்தப் படிவத்தில் பொது வசதிக்கான பகுதியும் உண்டு. பல குழுக்களில் அதைச் சும்மா கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறோம். இனி அப்படி அனுப்பாதீர்கள்.

நகர எல்லைக்குள் இருக்கும் சகோதரிகளுக்கும் வழி உண்டு. நமக்கு நாமே திட்டம் நகர்ப்புறத்திலும் நடக்கிறது. 2022 முதல் நகர்ப்புறத்தில் பகுதி சபை கூட்டுகிறார்கள். கிராமத்துக்குக் கிராமசபை போல, வார்டுக்குப் பகுதி சபை. சேலம் 2016-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்த பிறகு பஸ் ஸ்டாண்டு, கலையரங்கம் எல்லாம் புதுசாயின. பெரிய வேலைக்குப் பணம் வருகிற ஊரில் ஒரு வார்டு மன்றத்துக்கும் கேட்கலாம். கேட்கிற இடம் பகுதி சபை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

புரிவதற்காக ஓர் எஸ்டிமேட் எடுத்துக்கொள்வோம். கட்டடம் 9 லட்ச ரூபாய் என்று வைப்போம். மூன்றில் ஒரு பங்கு 3 லட்சம். ஊராட்சியில் 12 குழு, குழுவுக்கு 15 பேர் என்றால் 180 பேர். ஆளுக்கு 1,667 ரூபாய் ஆகிறது. பழங்குடியினர் பெரும்பான்மையான பகுதியானால் ஐந்தில் ஒரு பங்கு, 1,80,000. ஆளுக்கு 1,000 ரூபாய்.

இதைக் கேட்டதும் ஒரு குழுவில் இப்படிப் பேச்சு வரும்:

"ஏனுங்க, ஆளுக்கு ஆயிரத்து அறுநூறு குடுக்கறதா? எனக்கு வாரக் கூலியே அவ்வளவுதானுங்க."

"நீங்க மட்டும் குடுக்கோணும்னு இல்லீங்க அக்கா. பங்குத் தொகை யாரு வேணா தரலாம். ஊர்ப் பெரியவங்க, எஸ்டேட்காரங்க, கம்பெனிங்க, வெளியூர்ல வேலைல இருக்கற நம்ம பசங்க, எல்லாருகிட்டயும் கேக்கலாம்."

"அப்போ நம்ம குழு சேமிப்புல இருந்து எடுத்துப் போட்டுறலாமா? பேங்க்ல சும்மாதான கெடக்குது?"

"அது மட்டும் வேண்டாங்க அக்கா. சேமிப்பு ஒவ்வொருத்தர் உழைப்பு. சுழல் நிதியும் பேங்க் கடனும் கடன் குடுக்கறதுக்கு வந்த பணம். அதுல கை வெச்சா நாளைக்கு ஆஸ்பத்திரி செலவுக்கு வர்றவங்களுக்கு என்ன பதில் சொல்லுவோம்?"

இந்த ஊக்குநர் சொல்வது சரி. கூட்டமைப்பாகிய நாங்களும் அதையே சொல்கிறோம். பங்குத் தொகை திரும்பி வராத பணம். கட்டடம் ஊராட்சிக்குச் சொந்தமாகும். நம் பேரில் பட்டா வராது. இதை எல்லா உறுப்பினரும் தெரிந்துகொண்டு, மனசார விரும்புகிறவர் மட்டும், முடிந்ததை மட்டும் தர வேண்டும். "பணம் தராதவங்க உள்ள வரக் கூடாது" என்ற பேச்சு வரவே கூடாது. தர முடியாதவருக்குத்தான் அந்த இடம் அதிகம் தேவை.

இன்னொன்று. பங்குத் தொகையை எவர் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். "நான் சாங்ஷன் வாங்கித் தர்றேன்" என்று வருகிறவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஆபீஸில் கேட்டு, அவர்கள் சொல்லும் பேருக்கு டி.டி. அல்லது செக் எடுத்து, ரசீது வாங்கி, ஜெராக்ஸ் போட்டுக் கூட்டமைப்பு ஃபைலில் வையுங்கள்.

கிராமசபையில் எப்படிக் கேட்பது?

கிராமசபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நம் மாவட்டத்தில் 2019-ல் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் இருந்தாலும், தனி அலுவலர் இருந்தாலும், கிராமசபை ஊர் மக்களுடையதுதான். வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள ஒவ்வொரு பெண்ணும் அதன் உறுப்பினர்.

எத்தனை பேர் வர வேண்டும் என்றும் கணக்கு உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர். 501 முதல் 3,000 வரை 100 பேர். 3,001 முதல் 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர். மேலே சொன்ன 12 குழு ஊராட்சியில் 180 பேரும் தலைக்கு ஒருவரைக் கூட்டிவந்தால் 360 பேர் ஆயிற்று. எந்த ஊராட்சியிலும் கூட்டம் நம்மால்தான் நடக்கும்.

முன்கூட்டியே இப்படி எழுதிக்கொண்டு போங்கள். இது ஒரு மாதிரித் தீர்மானம்:

"............ ஊராட்சி, சர்வே எண் ........, ........ சென்ட் பொது நிலத்தில், பெண்கள், குழந்தைகள், முதியோர் பயன்படுத்தும் சமுதாயக் கூடமும் விளையாட்டு இடமும் கழிப்பறை, தண்ணீர் வசதியுடன் அமைத்துத் தரவும், இதை நமக்கு நாமே திட்டத்தில் அல்லது வேறு அரசு நிதியில் சேர்க்கவும் இக்கிராமசபை கோருகிறது. தினமும் மாலை 3 மணி முதல் 6 மணி வரை பெண்களுக்கும் பெண் குழந்தைகளுக்கும் ஒதுக்கப்படும். சாவியும் பராமரிப்பும் ஊராட்சியும் மகளிர் கூட்டமைப்பும் சேர்ந்த குழுவிடம் இருக்கும்."

கடைசி இரண்டு வரியைச் சேர்க்கத் தயங்குவார்கள். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா" என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். அந்த இரண்டு வரி இல்லாததால்தான் அந்த ஊர்க் கூடத்தில் சிமெண்ட் மூட்டை ஏறியது. தீர்மானத்தைப் புத்தகத்தில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்தோ கைரேகையோ வைக்காதீர்கள்.

நகல் வாங்கி, பி.டி.ஓ. ஆபீஸில் மனுவோடு கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, மனு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

மற்ற இடங்களில் எப்படி?

பக்கத்துக் கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்டம் என்று தொடங்கினார்கள். மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கே கொடுத்து, என்ன வேலை என்பதை ஊர்க் கூட்டத்தில் பேச வைத்தார்கள். அதில் பத்தில் ஒரு பங்கைப் பெண்களுக்கான வேலைக்கு ஒதுக்கினார்கள். கடல் தாண்டி பிரேசில் நாட்டில் போர்த்தோ அலெக்ரே என்று ஒரு நகரம். அங்கே 1989 முதல் ஏழை மக்கள் தெருத்தெருவாகக் கூடி, நகராட்சிப் பணத்தில் எந்த வேலை முதலில் என்று தாங்களே வரிசை போட்டார்கள். கூட்டத்துக்கு ஆள் அதிகம் வந்த பகுதியின் குரல் அதிகம் கேட்டது.

இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றுதான். பணம் ஏற்கெனவே இருந்தது. கேட்க வேண்டியவர்கள் கூட்டமாக வந்து, எழுத்தில் கேட்டார்கள்.

சாவிக்கணக்கு

கட்டடம் வந்த பிறகு மாதச் செலவு உண்டு. கரண்ட், பெருக்கிக் கழுவ ஒருவருக்குக் கூலி, பல்பு, பினாயில். சராசரியாக மாதம் 1,800 ரூபாய் என்று வைத்தால், 180 பேருக்கு ஆளுக்கு 10 ரூபாய். அல்லது காதுகுத்து, வளைகாப்பு போன்ற சின்ன விசேஷத்துக்குக் குறைந்த வாடகை வைத்து, அந்தப் பணத்தில் செலவை ஈடுகட்டலாம். வாடகை நாளிலும் பிள்ளைகள் விளையாடும் வெளி இடத்தை அடைக்கக் கூடாது.

சாவி மாதம் ஒரு குழுவிடம் என்று முறை வையுங்கள். ஒரே வீட்டில் ஒரு வருஷம் சாவி இருந்தால் அது அந்த வீட்டுக் கூடமாகிவிடும். வரவு செலவை நோட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வயசான அம்மாக்களுக்குக் காலை நேரம், பெண் பிள்ளைகளுக்கு மாலை நேரம், குழுக் கூட்டத்துக்கு ஒரு நாள், பையன்களுக்கும் அவர்கள் நேரம் என்று அட்டவணை போடுங்கள். சாதி பார்த்து, தெரு பார்த்து யாரையும் வாசலில் நிறுத்தக் கூடாது. அப்படி நிறுத்தினால் அது பொது இடமாகாது.

குழுவில் பேச வேண்டிய கேள்விகள்

1. நம் ஊரில் பூட்டிக் கிடக்கும் பொதுக் கட்டடம் எது? சாவி யாரிடம்?
2. நாம் நினைக்கும் இடத்தின் சர்வே எண் என்ன? எந்த ஆபீஸுக்குக் கட்டுப்பட்டது?
3. கடைசியாக நடந்த கிராமசபைக்கு நம் குழுவில் எத்தனை பேர் போனோம்? போகாதவர்களுக்கு என்ன தடை?
4. நம் பெண் பிள்ளைகளை ஒரு நாள் உட்கார வைத்து, "உனக்கு அங்கே என்ன வேணும்?" என்று கேட்டோமா?

நாலாவது கேள்வியை மறந்துவிடாதீர்கள். நாம் தையல் மிஷின் வைக்க நினைத்துக்கொண்டிருப்போம். அவள் ஊஞ்சல் கேட்பாள். இரண்டுக்கும் இடம் இருக்கட்டும்.

அடுத்த கிராமசபைக்கு முன் ஒவ்வொரு குழுவும் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். சர்வே எண்ணைக் கண்டுபிடித்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். எழுதிய குழுக்கள் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு அந்தப் பக்கத்தைக் கொண்டுவாருங்கள். எல்லாரும் சேர்ந்து மனு எழுதுவோம். அதுவரை மரத்தடியில் சந்திப்போம்.